மொழியை மாற்றினால் தேதிக்கு என்ன ஆகிறது?

ஒரு டெஸ்க்டாப் மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் மொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுகிறோம். மெனு தமிழாகிறது, பொத்தான்கள் தமிழாகின்றன, பிழைச் செய்திகூடத் தமிழில் வருகிறது. ஆனால் கோப்புப் பட்டியலின் வலது ஓரத்தில் 03/04/2025 என்ற தேதி மட்டும் அப்படியே நிற்கிறது. அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? மொழி மாறியதும் அதன் பொருளும் மாறிவிட்டதா, பழைய பொருளிலேயே நிற்கிறதா? திரையைப் பார்த்து இதைச் சொல்ல வழியே இல்லை.

இதை அழகு சார்ந்த சின்னக் குறை என்று ஒதுக்குபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நாள் எண் 12-ஐத் தாண்டாத தேதிகள் மாதத்துக்கு 12 என்றால் ஆண்டுக்கு 144. அவற்றில் 1/1, 2/2 போன்ற 12 தேதிகளை எந்த வரிசையில் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 தேதிகளை மாற்றிப் படித்தால் இன்னொரு சரியான தேதி கிடைத்துவிடும். 13-ஆம் தேதி முதல் மாத முடிவு வரையிலான 221 நாட்களில் தவறு உடனே அகப்பட்டுக்கொள்ளும், ஏனென்றால் 17-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது. அந்த 132 நாட்களிலோ மென்பொருள் தவறான தேதியை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி ஓசையின்றித் தவறக்கூடிய நாட்கள்.

## தேதி வேறு, அதை எழுதும் விதம் வேறு

கணினிக்குள் தேதி என்பது பெரும்பாலும் ஓர் எண். 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணுவது மிகவும் பரவலான முறை. அந்தக் கணக்கில் உலகப் பொது நேரப்படி 2025 மார்ச் 4 நள்ளிரவு என்பது 1741046400. இந்த எண்ணுக்கு மொழியும் இல்லை, நாடும் இல்லை. மனிதர் படிக்கும்படி அதைத் திரையில் எழுதிக் காட்டும்போதுதான் மொழியும் வழக்கமும் உள்ளே வருகின்றன. அதே நாளை எழுதும் விதங்களில் சில:

1. அமெரிக்க ஆங்கிலத்தில் 3/4/2025. மாதம் முதலில் வரும்.
2. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 04/03/2025. நாள் முதலில் வரும். மொழி ஒன்றுதான், வரிசை தலைகீழ்.
3. ஜெர்மனில் 04.03.2025. சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி.
4. ஜப்பானிய, கொரிய, ஹங்கேரிய மொழிகளில் ஆண்டு முதலில், பிறகு மாதம், கடைசியில் நாள்.
5. தாய்லாந்தில் 4/3/2568. அங்கே ஆண்டு பௌத்த நாட்காட்டிப்படி எண்ணப்படுகிறது.
6. ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி 2025-03-04. இத்தரம் முதலில் வெளிவந்த ஆண்டு 1988.

ஆறு எழுத்துக்கோவைகள், ஒரே நாள். இந்த எழுத்துக்கோவைகளில் ஒன்றையே தேதி என்று எண்ணி, அதைச் சேமித்து, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தி, திரும்பப் படிக்கும் மென்பொருள்தான் மொழி மாறும்போது தடுமாறுகிறது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தில் பிறந்தவை.

## லொகேல் என்றால் என்ன?

ஒரு மொழியையும் அது வழங்கும் நாட்டையும் சேர்த்துச் சுட்டும் குறியீட்டை லொகேல் என்கிறார்கள். 'தமிழ்' என்பது மொழி. 'தமிழ்-இந்தியா', 'தமிழ்-இலங்கை' என்பவை லொகேல்கள். ஒவ்வொரு லொகேலுக்கும் தேதியின் வரிசை, மாதப் பெயர்கள், வாரத்தின் முதல் நாள், 12 மணி நேரமா 24 மணி நேரமா என்பது போன்ற விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் பொதுத் தரவுத்தொகுப்பு சிஎல்டிஆர். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் அமைப்பான யூனிகோட் கன்சார்ட்டியம் இதைப் பராமரிக்கிறது. பல இயங்குதளங்களும் நிரல்மொழிகளும் இன்று தேதி வடிவங்களை இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

இந்தத் தொகுப்பில் தமிழுக்கு நான்கு நாட்டு வடிவங்கள் உள்ளன: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். நான்கிலும் மாதப் பெயர்கள் ஒன்றே. ஆனால் இலங்கைத் தமிழுக்கு 24 மணி நேர முறை, இந்தியத் தமிழுக்கு 12 மணி நேர முறை. இலங்கையிலும் மலேசியாவிலும் நாட்காட்டியின் வாரம் திங்களில் தொடங்குகிறது, இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஞாயிற்றில் தொடங்குகிறது. மொழிப் பட்டியலில் 'தமிழ்' என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், அதைத் தேர்ந்தவருக்கு எந்த வாரத்தைக் காட்டுவது? மொழியின் பெயர் மட்டும் அதற்கு விடை தராது.

## மொழிக்கு ஒரு விசை, வடிவத்துக்கு ஒரு விசை

இயங்குதளங்கள் இந்த வேறுபாட்டை வெகு காலமாகவே அறிந்திருக்கின்றன. விண்டோஸில் காட்சி மொழி தனி அமைப்பு, வட்டார வடிவம் தனி அமைப்பு. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் செய்திகளுக்கு ஒரு சூழல் மாறி (நிரல்கள் பார்த்துக்கொள்ள இயங்குதளம் வைத்திருக்கும் அமைப்பு மதிப்பு), தேதிக்கு வேறொரு சூழல் மாறி. மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் இடைமுகச் சொற்களுக்குக் 'கரன்ட்யூஐகல்ச்சர்', தேதி, எண் வடிவங்களுக்குக் 'கரன்ட்கல்ச்சர்'. ஜாவாவும் 2011-இல் வந்த 7-ஆம் பதிப்பில் காட்சிக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று என்று லொகேலை இரண்டாகப் பிரித்தது.

தொடக்கத்தில் பார்த்த காட்சிக்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. மொழி மாற்றும் வசதியை எழுதியவர் சொற்களுக்கான விசையை மட்டும் திருப்பியிருப்பார். தேதிக்கான விசை பழைய இடத்திலேயே இருந்திருக்கும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் போதுமா? போதாது. முதலாவதாக, தேதிக்கான விசையோடு எண்களின் வடிவமும் சேர்ந்து மாறும். ஜெர்மனுக்கு மாற்றியதும் 1.5 என்பது 1,5 ஆகிவிடும். எண்ணை எழுத்தாகக் கோப்பில் எழுதும் நிரல்வரி எங்காவது இருந்தால் அதுவும் மாறிப்போகும். இரண்டாவதாக, டாட்நெட்டில் இந்த அமைப்பு த்ரெட்டுக்கு த்ரெட் தனி (ஒரே மென்பொருளுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட்). முன்திரையின் த்ரெட்டில் மாற்றினால், பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் பழைய வடிவத்திலேயே அறிக்கை தயாரித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, பலரையும் நாள்கணக்கில் தேட வைப்பது: டாட்நெட்டில் விண்டோஸ் திரைகளைக் கட்ட உதவும் டபிள்யூபிஎஃப் இடைமுகங்களில் திரையோடு பிணைக்கப்பட்ட தேதிகள் இந்த விசைகளைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ள மொழிப் பண்பைத்தான் பார்க்கின்றன, அதன் இயல்நிலை அமெரிக்க ஆங்கிலம். நிரலாளர் எல்லாவற்றையும் சரியாக அமைத்த பின்னும் திரையில் மாதம் முன்னால் வந்து நிற்பதற்கு இது காரணமாக இருக்கலாம்.

இன்னொரு இழப்பு பயனருக்கு. விண்டோஸில் ஒருவர் தேதி வடிவத்தைத் தன் கையாலேயே ஆண்டு-மாதம்-நாள் என்று மாற்றி வைத்திருக்கலாம். டாட்நெட்டில் அந்த விருப்பம் செல்லுபடியாவது, மென்பொருளின் லொகேலும் கணினியின் லொகேலும் ஒன்றாக இருக்கும்வரைதான். மென்பொருள் வேறு லொகேலுக்குத் தாவிய கணமே அவர் அமைத்த வடிவம் போய், அந்த லொகேலின் இயல்பு வடிவம் வந்துவிடும். அவர் மாற்றச் சொன்னது மெனுவின் மொழியை. மாறிப்போனது அவர் வேண்டுமென்றே தேர்ந்த தேதி வடிவம்.

ஆகவே என் கருத்து இது. எண்களால் மட்டும் எழுதப்படும் தேதிக்குக் கணினியின் வட்டார வடிவத்தையே பின்பற்ற வேண்டும், மொழி மாற்றம் அதைத் தொடக் கூடாது. மாதப் பெயரோ கிழமையோ சொல்லாக வரும் இடத்தில் இடைமுக மொழிதான் ஆள வேண்டும். தமிழ் வாக்கியத்தின் நடுவில் ஜெர்மன் மாதப் பெயர் நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். இடம் இருக்கும் திரைகளில் எல்லாம் '4 மார்ச், 2025' என்று மாதத்தைச் சொல்லாகவே எழுதிவிட்டால் வரிசை பற்றிய ஐயமே எழாது. இவற்றுக்கும் மேல், அமைப்புகளில் 'தேதி வடிவம்' என்று தனியாக ஒரு தேர்வு வைத்து, 'கணினியில் உள்ளபடி' என்பதை முதல் வரியாகத் தர வேண்டும். ஒவ்வொரு வடிவத்தின் அருகிலும் இன்றைய தேதியை மாதிரியாகக் காட்டினால் பயனர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

## ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறினால்

மென்பொருளை மூடித் திறந்த பிறகுதான் புதிய மொழி வரும் என்றால் வேலை எளிது. ஓடும்போதே மாற வேண்டும் என்றால் ஏற்கெனவே திரையில் எழுதப்பட்ட தேதிகளை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. பட்டியல்களில் விடை எளியது: அடியில் இருக்கும் மதிப்பை எடுத்துப் புதிய வடிவத்தில் மறுபடி எழுத வேண்டும். மதிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்துக்கோவையை மட்டும் வைத்திருக்கும் பட்டியலில் இது நடக்காது. அத்தகைய பட்டியல் தேதி வரிசைப்படியும் நிற்காது. எழுத்து வரிசையில் '10/3' என்பது '2/3' என்பதற்கு முன்னால் வந்துவிடும்.

உண்மையான ஆபத்து உள்ளீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. ஒரு படிவத்தில் பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பில் ஒருவர் 05/06/2025 என்று தட்டுகிறார். அவர் மனத்தில் இருப்பது ஜூன் 5. இன்னும் சேமிக்கவில்லை. இடையில் மென்பொருளை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார், வடிவமும் கூடவே மாறுகிறது. படிவத்துக்குத் திரும்பினால் பெட்டியில் அதே 05/06/2025. ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதால் அவர் நம்பிச் சேமிக்கிறார். மென்பொருள் இப்போது அதே எழுத்துகளைப் புதிய வடிவப்படி படித்து, மே 6 என்று தரவுத்தளத்தில் எழுதிவிடுகிறது. பிழைச் செய்தி இல்லை, பதிவேட்டில் தடயம் இல்லை. ஒரு மாத வித்தியாசம் மட்டும் இருக்கிறது.

இதைத் தவிர்க்கும் வரிசை இது. ஒரு படியை முன்பின்னாக மாற்றினாலும் பயன் போய்விடும்.

1. மொழி மாற்றக் கட்டளை வந்ததும் முதலில் எதையும் மாற்றாமல், திறந்திருக்கும் எல்லாப் பெட்டிகளையும் பழைய வடிவப்படி படித்து மதிப்பாக எடுத்து வைக்க வேண்டும்.
2. பாதி தட்டிய, தேதியாகப் படிக்க முடியாத பெட்டிகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் இருப்பதை அப்படியே விட்டு, 'தேதியைச் சரிபார்க்கவும்' என்று அடையாளம் காட்டுவது நேர்மை. ஊகித்து நிரப்பக் கூடாது.
3. இப்போது மொழி, வடிவம் இரண்டையும் மாற்ற வேண்டும். முன்பே உருவாக்கிச் சேமித்து வைத்த வடிவ அமைப்பிகள் (மதிப்பைத் தேதியாக எழுதித் தரும் நிரல் துண்டுகள்) இருந்தால் அவற்றைக் கலைத்துப் புதிதாக ஆக்க வேண்டும். 'எல்லாம் மாறியது, அந்த ஒரு திரை மட்டும் மாறவில்லை' என்ற புகாருக்கு இந்தப் பழைய அமைப்பிகள் அடிக்கடி காரணமாகின்றன.
4. எடுத்து வைத்த மதிப்புகளைப் புதிய வடிவத்தில் எழுத வேண்டும்.
5. தேதி தேர்வு நாட்காட்டியை முழுவதுமாகத் திரும்பக் கட்ட வேண்டும். தலைப்பில் மாதப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வாரத்தின் முதல் நாள் மாறினால் கட்டங்களே ஓர் இடம் நகர வேண்டும். தலைப்பு நகர்ந்து கட்டங்கள் நகராவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே திங்கட்கிழமையின் தேதி நிற்கும்.

## கையால் எழுதிய வடிவங்கள்

நிரலாளர்கள் பலர் லொகேலின் ஆயத்த வடிவத்தைக் கேட்டு வாங்காமல், நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்கான குறியெழுத்துகளைக் கோத்துத் தாங்களே ஒரு வடிவத்தை எழுதிவிடுகிறார்கள். அப்போதே அந்தத் தேதி ஒரு நாட்டில் நிலைகொண்டுவிடுகிறது. மொழியை மாற்றினால் மாதப் பெயர் மட்டும் மாறும், வரிசை மாறாது. இதிலும் மோசமான தவறுகள் உண்டு.

ஆண்டைக் குறிக்க ஜாவா போன்ற மொழிகளில் சிறிய 'ஒய்' எழுத்தும் பெரிய 'ஒய்' எழுத்தும் உள்ளன. சிறியது நாட்காட்டி ஆண்டு. பெரியது வார ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேர்கிறதோ அந்த ஆண்டு. ஆண்டில் ஏறக்குறைய 360 நாட்களில் இரண்டும் ஒரே விடையைத் தருவதால் தவறு கண்ணில் படாது. 2025 டிசம்பர் 28 ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். வாரம் ஞாயிற்றில் தொடங்கும் அமெரிக்க லொகேலில் அந்த நாள் 2026-இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது, ஆகவே பெரிய எழுத்து '28 டிசம்பர் 2026' என்று காட்டும். வாரம் திங்களில் தொடங்கும் ஜெர்மன் லொகேலில் அது 2025-இலேயே இருக்கும், மறுநாள் 29-ஆம் தேதிதான் ஆண்டு தாவும். ஒரே பிழை, மொழிக்கு மொழி வேறு நாளில் தலைகாட்டுகிறது. சோதித்தவர் ஒரு மொழியிலும் பயனர் இன்னொரு மொழியிலும் இருந்தால், 'எங்களிடம் அப்படி வரவில்லையே' என்ற பதில் உண்மையாகவே இருக்கும்.

மாதப் பெயரைச் சுருக்கும் வேலை இன்னொன்று. ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தை வெட்டினால் சுருக்கம் கிடைத்துவிடும் என்ற பழக்கத்தில், எல்லா மொழிக்கும் அதையே செய்கிறார்கள். கணினிக்குத் தமிழ் எழுத்து வேறு கணக்கு: 'செ' என்பது மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று இரண்டு குறியீடுகள். புள்ளியும் தனிக் குறியீடு. 'செப்டம்பர்' என்பதில் முதல் மூன்று குறியீடுகளை வெட்டினால் 'செப' என்று வரும், பகரத்தின் புள்ளி பறிபோகும். 'மார்ச்' என்பது 'மார' ஆகும், 'பிப்ரவரி' என்பது 'பிப' ஆகும். 'டிசம்பர்', 'ஏப்ரல்' போன்ற சில மட்டும் தற்செயலாக 'டிச', 'ஏப்' என்று சரியாக வந்து, எல்லாம் சரி என்ற நம்பிக்கையைக் கொடுக்கும். இதற்கு வெட்டுக்கத்தி தேவையே இல்லை. சிஎல்டிஆர் தொகுப்பில் 'செப்.', 'பிப்.', 'டிச.' என்று சுருக்கங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. கேட்டு வாங்கினால் போதும்.

மாதப் பெயருக்கு வேற்றுமை உருபும் ஏறும் மொழிகள் உண்டு. ரஷ்ய மொழியில் நாட்காட்டியின் தலைப்பில் மாதம் எழுவாய் வடிவில் 'யன்வார்' என்று நிற்கும், நாளோடு சேரும்போது 'யன்வர்யா' என்று மாறும். அதனால்தான் தொகுப்பில் தனித்து நிற்கும் மாதத்துக்கு ஒரு குறியெழுத்தும் தேதிக்குள் வரும் மாதத்துக்கு வேறொரு குறியெழுத்தும் இருக்கின்றன.

## வாக்கியத்துக்குள் தேதி

தேதி தனியாக நிற்பதைவிட வாக்கியத்துக்குள் வருவதே அதிகம். ஆங்கிலத்தில் 'சேமித்தது' என்ற பொருள் தரும் சொல்லை முன்னால் எழுதி, பின்னால் தேதியை ஒட்டிவிடலாம். தமிழில் '4 மார்ச், 2025 அன்று சேமிக்கப்பட்டது' என்று தேதி முன்னால் வர வேண்டும். துண்டுகளை ஒட்டி எழுதும் நிரலில் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமை காட்டினாலும் இந்த வரிசையைக் கொண்டுவர முடியாது. முழு வாக்கியத்தையும் தேதிக்கான வெற்றிடத்தோடு அவர் கையில் கொடுத்தால்தான் முடியும்.

'3 நாட்களுக்கு முன்' போன்ற தொடர்களிலும் இதே கவனம் வேண்டும். தமிழில் 'நாள்', 'நாட்கள்' என்று இரண்டு வடிவம் போதும். அரபு மொழிக்கு ஆறு. ஒருமை, பன்மை என்று இரண்டே கிளைகள் வைத்து எழுதிய நிரல் அங்கே இலக்கணப் பிழையோடுதான் பேசும்.

## மொழி மாறினாலும் மாறக் கூடாத இடங்கள்

கோப்பில் எழுதும் தேதி, தரவுத்தளத்துக்குப் போகும் தேதி, பதிவேட்டுக் குறிப்பு, இன்னொரு மென்பொருளுக்கு அனுப்பும் செய்தி: இவற்றில் பயனரின் மொழி தலையிடவே கூடாது. இங்கே ஐஎஸ்ஓ வடிவம்தான் சரி. அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போவதால், எழுத்து வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடுகிறது. கோப்புப் பெயரில் சாய்கோடு வரக் கூடாது என்ற விதியையும் அது மீறுவதில்லை.

காட்டுவதற்காக எழுதிய தேதியைத் திரும்பப் படித்து மதிப்பாக்குவது எப்போதும் சூதாட்டம். 2023-இல் வந்த ஜாவா 20-ஆம் பதிப்பில் இது பலருக்குப் புரிந்தது. அந்தப் பதிப்பு சிஎல்டிஆர் 42-ஐ எடுத்துக்கொண்டது. அதில் ஆங்கில நேரத்தில் எண்ணுக்கும் முற்பகல், பிற்பகல் குறிக்கும் இடையே இருந்த சாதாரண இடைவெளி, உடையாத குறுகிய இடைவெளியாக மாறியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் '3:15' என்பதற்குப் பின் சாதாரண இடைவெளியை எதிர்பார்த்து எழுதிய நிரல்கள் நேரத்தைப் படிக்க முடியாமல் பிழை காட்டின. லொகேல் தரவு மாறிக்கொண்டே இருக்கும். மொழியின் வழக்கம் மாறும்போது அதைப் பின்தொடர்வதுதான் அதன் வேலை. அதை நிலையான கோப்பு வடிவமாக எண்ணியதுதான் தவறு.

பிறந்தநாள் போன்ற, நேரம் இல்லாத தேதிக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாகச் சேமித்தால், அதற்கு மேற்கே இருக்கும் நேர மண்டலத்தில் திறக்கும்போது முந்தைய நாள் காட்டப்படும். நாளை நாளாகவே சேமிக்க வேண்டும், நொடியாக அல்ல.

## எந்தத் தேதிகளை வைத்துச் சோதிப்பது?

இன்றைய தேதியை வைத்துச் சோதிப்பது போதாது. இன்று 25-ஆம் தேதி என்றால் வரிசைக் குழப்பம் வெளியே வராது. பின்வரும் தேதிகளை ஒவ்வொரு மொழியிலும், ஒவ்வொரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் பார்க்க வேண்டும்:

1. 2025 ஜூன் 5. நாளும் மாதமும் 12-க்குள், இரண்டும் வேறு எண். ஓசையற்ற இடமாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.
2. 2025 டிசம்பர் 28, 29. வார ஆண்டுப் பிழைக்கு.
3. 2025 செப்டம்பர் 24, புதன்கிழமை. நீளமான பெயருக்குப் பட்டியலின் கட்டம் போதுமா, தமிழில் சுருக்கம் புள்ளியோடு வருகிறதா என்பதற்கு.
4. 2024 பிப்ரவரி 29. பௌத்த நாட்காட்டியில் இது 2567. அந்த எண்ணை நேரடியாக வைத்து லீப் ஆண்டா என்று கணக்குப் போடும் நிரல் இந்த நாளே இல்லை என்று மறுத்துவிடும்.

ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் தட்டி, சேமிக்காமல் மொழியை மாற்றி, பிறகு சேமித்து, தரவுத்தளத்துக்குள் போய் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். திரையில் தெரிவதை மட்டும் பார்த்து முடிக்கும் சோதனை, 05/06/2025 என்பதை இரண்டு முறையும் சரி என்றே சொல்லும்.